ராஜா சிலையின் மூன்றாம் படி

எங்கள் பக்கத்தில் ராஜா சிலை என்றால் அது ஒரு ஸ்டாப்பிங், அவ்வளவுதான். ஷேர் ஆட்டோக்காரர் "காசிமேடு, ராஜா செல, டோல்கேட்" என்று கத்துவார். ஏறுகிறவர்களில் ஒருவருக்கும் அது எந்த ராஜா என்று தெரியாது. ஐம்பது வயதுவரை எனக்கும் தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு நான் என்னத்தைக் கிழித்தேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எரிச்சலோடுதான் எழுதுகிறேன். பாதி எரிச்சல் ஆபீஸ்காரர்கள் மேல், மீதிப் பாதி என் மேல்.

வெள்ளைக்காரன் காலத்துச் சிலை அது. நான்கு தூண் வைத்த கருங்கல் மண்டபம், நடுவில் சலவைக்கல் ராஜா. முழங்கால்வரை பூட்ஸ், இடுப்பில் வாள், வலது கையில் சுருட்டிய காகிதம். மூக்கு நுனி எப்போதோ உடைந்துவிட்டது. பீடத்தில் இங்கிலீஷில் நாலு வரி வெட்டியிருக்கும். கன்டெய்னர் லாரிப் புகை படிந்து படிந்து அந்த எழுத்தெல்லாம் கறுத்துப்போய்விட்டது. மண்டபத்துக்கு ஏற மூன்று படிகள்.

அதில் மூன்றாம் படி என் அக்காவுடையது. பத்திரமா பட்டாவா, ஒன்றும் கிடையாது. எங்கள் அம்மா அங்கே உட்கார்ந்து மீன் விற்றார், அம்மாவுக்கு முட்டி போனதும் அக்கா உட்கார்ந்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கீழ் இரண்டு படிகளில் எங்கள் குப்பத்துப் பெண்கள் இன்னும் இரண்டு பேர். வெயில் ஏற ஏறக் கீழ்ப் படிகளில் நிழல் போய்விடும். மூன்றாம் படியில் மட்டும் மண்டபத்து நிழல் மத்தியானம் இரண்டு மணிவரை நிற்கும். மீன் விற்கிறவளுக்கு நிழல் இருந்தால்தான் ஐஸ் நிற்கும், ஐஸ் நின்றால்தான் மீன் நிற்கும். ஐஸ் உருகினால் சங்கரா மீனின் கண் வெளுத்துப்போகும். கண் வெளுத்த மீனை எங்கள் பக்கத்தில் எந்தப் பொம்பளையும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

அக்கா புருஷன் கடலில் செத்துப்போன பிறகு அவளுடைய இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்ததும், என்னைக் காலேஜில் படிக்கவைத்ததும் அந்தப் படிதான். இன்றைக்கு நான் ஒரு கிளை நூலகத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து புத்தகத்துக்கு முத்திரை குத்துகிறேன் என்றால் அது அக்கா வெயிலில் போகாமல் நிழலில் உட்கார்ந்ததால் வந்தது. இதை நான் மறந்தேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் மறந்தவன் செய்கிற வேலையைத்தான் செய்தேன்.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு, சம்பளமில்லாத வேலை. குப்பத்துக்கு மனு எழுதிக் கொடுப்பது. குழாயில் தண்ணீர் வரவில்லையா, தெருவிளக்கு எரியவில்லையா, கடலில் எண்ணெய் மிதக்கிறதா, என்னைத்தான் தேடி வருவார்கள். என் மனுவில் விவரம் இருக்கும். தண்ணீர் வரவில்லை என்று மொட்டையாக எழுதமாட்டேன். எந்தத் தெரு முனைக் குழாய், எத்தனை மணியிலிருந்து நின்றார்கள், யார் குடம் காலியாகத் திரும்பியது, எல்லாம் போடுவேன். "நீ எயுதினா படம் பாக்குற மாரி கீதுடா" என்பாள் அக்கா. அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதுதான் வினையாகப் போனது.

அக்காவுக்கு ஒரு வழக்கம். அம்மாவுக்கும் அதே வழக்கம். காசிமேட்டில் விடியலில் ஏலம் எடுத்துக்கொண்டு வரும்போது ஒரு கேனில் கடல் தண்ணீரும் வரும். பேசினில் மீனைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, யாவாரத்தை ஆரம்பிக்கும் முன்னால் ஒரு கை தண்ணீர் அள்ளி ராஜாவின் பூட்ஸ் மேல் ஊற்றுவாள். முதல் தண்ணி என்று அதற்குப் பெயர். வருஷக்கணக்காக ஊற்றி ஊற்றி அந்த பூட்ஸ் மட்டும் உப்புப் பூத்து வெளுத்திருக்கும்.

"வெள்ளக்காரனுக்குப் போய் கால் கழுவுறியே, உன் குலசாமியாக்கா அது?" என்று நான் கேலி செய்வேன்.

"எடம் குடுத்துகீறான் இல்ல? அதுக்கு மரியாத. நீ பொஸ்தகத்துக்கு சலாம் வெக்கிறியே, நான் எதுனா கேட்டனா?"

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள், துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஒருவர் தன் வீட்டுப் பழைய புத்தகங்களை மூட்டையாகக் கட்டி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அட்டை போன ஒரு இங்கிலீஷ் புத்தகத்தில் எங்கள் ராஜாவின் படம் இருந்தது. அதே பூட்ஸ், அதே வாள், படத்தில் மூக்கு மட்டும் முழுசாக. கையில் இருக்கும் காகிதம் என்னவென்று கீழே போட்டிருந்தது. ஆப்பிரிக்காவில் ஆட்களைப் பிடித்து அடிமையாக விற்கும் ஒரு கம்பெனிக்கு அவர் கொடுத்த சாசனம். அரண்மனைக்காரர்களே அந்தக் கம்பெனியில் பங்குதாரர்கள். இந்தக் கரையிலும் வெள்ளைக்கார வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை. பஞ்சத்தில் பிள்ளையை விற்றவர்கள், தன்னையே விற்றுக்கொண்டவர்கள், பிடித்துவரப்பட்டவர்கள் எல்லாரையும் வாங்கிக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த வியாபாரத்தில் கொழுத்த குடும்பம் ஒன்றுதான் பின்னாளில் நன்றி மறக்காமல் ராஜாவுக்கு எங்கள் ஸ்டாப்பிங்கில் சிலை வைத்திருக்கிறது.

அம்மா ஊற்றிய தண்ணீர் எல்லாம் நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு லீவு. வெள்ளிக்கிழமை மீனும் அவ்வளவாகப் போகாது. அக்கா சும்மா ஈ விரட்டிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யக்கா, நீ தெனம் கால்ல தண்ணி ஊத்துறியே, அவன் யார் தெரியுமா?"

"யாரு, உன் மாமனாரா?"

"ஆள் யாவாரம் பண்ணவன்."

"துபாய்க்கு ஆள் அனுப்புறானுங்களே, அந்த மாரியா?"

"அது வேலைக்கு அனுப்புறது. இது ஆளையே விக்கிறது. நீ நெத்திலிய கூறு கட்டி விக்கிற இல்ல, அப்படி."

அக்கா ஈ விரட்டுவதை நிறுத்தினாள். நான் புத்தகத்தில் படித்ததை எல்லாம் சொன்னேன். கப்பல் தூரத்தில்தான் நிற்கும், அப்போது இங்கே ஹார்பர் கிடையாது, கரையிலிருந்து அலையைத் தாண்டிப் படகில்தான் ஆட்களைக் கொண்டுபோய் ஏற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"படகு யாரு வலிச்சா?" என்றாள்.

அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை, சத்தியமாக. புத்தகத்தில் படகு என்று இருந்தது, நானும் படகு என்று படித்துவிட்டேன்.

"நம்ப ஆளுங்களா?"

"வேற யாருக்கா இங்க அலையில படகு வலிப்பாங்க?"

"கூலிக்கு வலிச்சிருப்பாங்க" என்றாள். மீன் மேல் தண்ணீர் தெளித்துவிட்டு, "கொயந்தைங்களையுமா?" என்றாள். ஆமாம் என்றேன். ஒரு கிழவர் வந்து வஞ்சிரம் கேட்டார், வெட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் நூலகம் போகிற வழியில் பார்த்தேன். அக்கா முதல் தண்ணியை அள்ளினாள், பூட்ஸ் பக்கம் போகவில்லை. கடல் இருக்கும் பக்கமாகத் திரும்பி, படியின் ஓரத்தில் விட்டாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா மொறைக்கிற? இது அவனுக்கு இல்ல. ஏறிப் போனாங்களே, அவுங்களுக்கு. நம்ப படகுலதான போனாங்க" என்றாள். ஒரு வாரத்தில் கீழ்ப் படிப் பெண்கள் இரண்டு பேரும் அப்படியே ஊற்ற ஆரம்பித்தார்கள். மூன்று பேரும் பள்ளிக்கூடம் மிதிக்காதவர்கள். இவர்களுக்குப் புரிந்தது பீடத்தில் நாலு வரி வெட்டினவனுக்குப் புரியவில்லையே என்று தோன்றியது.

சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் பேனா அரித்தது.

பீடத்து எழுத்தைத் துடைத்துப் படித்தேன். வணிகத்தின் தந்தை என்று அவரைப் போட்டிருந்தார்கள். சிலையை உடை என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு கல், அதில் ஒரே ஒரு வரி தமிழில் வேண்டும் என்றுதான் கேட்டேன். இந்தக் கரையிலிருந்து மனிதர்கள் விலைக்கு வாங்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டார்கள், இந்த மன்னர் அடிமை வியாபாரத்துக்கு அனுமதி கொடுத்தவர். அவ்வளவு போதும். புத்தகத்தின் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன். மனு மொட்டையாக இருக்கிறதே என்று கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன். "சிலையின் படிகளில் மீன் விற்கும் பெண்கள் மூவர் நாள்தோறும் காலையில் ஒரு கை கடல்நீரை ஊற்றி, கப்பலேறிப் போனவர்களை நினைத்துக்கொள்கிறார்கள்." மூன்று தடவை படித்துப் பார்த்தேன். மனுவிலேயே நல்ல வாக்கியம் அதுதான் என்று நினைத்தேன்.

பிறகு ஆரம்பித்தது அலைச்சல். முதல் ஆபீஸில் சிலை எங்களுடையது இல்லை, மண்டபம்தான் எங்களுடையது என்றார்கள். இரண்டாவது ஆபீஸில் மண்டபம் இருக்கும் இடம்தான் எங்களுடையது என்றார்கள். அப்படியானால் ராஜா எதன் மேல் நிற்கிறார் என்று கேட்டேன். கிண்டல் பண்ணாதீங்க சார், சாப்பாட்டுக்கப்புறம் வாங்க என்றார் அங்கிருந்தவர். மூன்றாவது ஆபீஸில் மூன்று நகல் கேட்டார்கள். கொடுத்தேன். போட்டோ கேட்டார்கள். கொடுத்தேன். அடுத்த தடவை போனபோது ஃபைலைக் காணோம் என்றார்கள், திரும்பவும் கொடுத்தேன். நூலகத்தில் எனக்கு மிச்சம் இருந்த லீவு எல்லாம் அந்த ஆபீஸ் பெஞ்சில்தான் தீர்ந்தது.

கடைசியில் ஒரு இளம் அதிகாரி கிடைத்தார். நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடவேண்டும். என்னை உட்காரச் சொன்னார், ஜெராக்ஸைப் புரட்டினார், "ரொம்ப இன்ட்ரஸ்டிங் சார், இதெல்லாம் யாருக்குமே தெரியாது" என்றார். நேரில் வந்து பார்க்கிறேன் என்றார், சொன்னபடி வந்தும்விட்டார். அக்காவிடம் தண்ணீர் ஊற்றுவதைக் கேட்டார். அக்கா கூச்சப்பட்டாள். நான்தான் விடவில்லை. "ஊத்திக் காட்டுக்கா, சார் பாக்கட்டும்" என்றேன். அவள் ஒரு கை அள்ளி ஊற்றினாள். அதிகாரி அதைப் போனில் பிடித்துக்கொண்டார். போகும்போது அக்கா அவருக்கு ஒரு கூறு நெத்திலி கொடுக்கப் பார்த்தாள். நான் சைவம்மா என்று சிரித்துக்கொண்டே போனார்.

"நல்ல புள்ளையா கீறாரு. கல்லு வெச்சிருவாங்கதான?" என்று அக்கா கேட்டாள். வைத்துவிடுவார்கள் என்றேன். அன்றைக்கு என்னைப்போல் சந்தோஷமாக இருந்தவன் ராயபுரத்தில் வேறு எவனும் இருந்திருக்கமாட்டான்.

சில மாதம் சத்தமே இல்லை. பிறகு ஒருநாள் அக்கா மீன் கையைக்கூடக் கழுவாமல் நூலகத்துக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு காகிதம். தூணில் ஒட்டியிருந்தார்களாம், கிழித்துக்கொண்டு வந்துவிட்டாள். "இத்த ரவ படிடா" என்றாள்.

படித்தேன். பாதுகாக்கப்படவேண்டிய சின்னம் என்று ஆரம்பித்தது. "சிலையின் படிகளில் மீன் விற்கும் பெண்கள் மூவர் நாள்தோறும் காலையில் ஒரு கை கடல்நீரை ஊற்றி" என்று என் வாக்கியம் அப்படியே வந்தது. ஒரு எழுத்து மாற்றவில்லை. அதற்கப்புறம் கப்பலேறிப் போனவர்கள் இல்லை. "சின்னத்துக்குச் சேதம் விளைவித்து வருவது தெரியவருவதால்" என்று இருந்தது. பதினைந்து நாளில் படிகளைக் காலி செய்யவேண்டும். கம்பி வேலி போடப்படும்.

படியைக் காலி பண்ணச் சொல்கிறார்கள், தண்ணீர் ஊற்றுவதால் கல் கெடுகிறதாம் என்று சொன்னேன்.

"ஒரு கை தண்ணியிலயா கல்லு கெட்டுச்சி? மயைல நனைஞ்சிகினுதான நிக்கிறான் அவன்? இத்த எவன் போய் வத்தி வெச்சான்?"

"யாருக்குத் தெரியும்" என்றேன்.

பொய். வாய் கூசாமல் சொன்னேன். படிக்கத் தெரியாத அக்காவிடம், அவள் மீன் விற்றுப் படிக்கவைத்த தம்பி, கையில் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டே சொன்னேன்.

மறுநாளே அந்த அதிகாரியிடம் ஓடினேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் முகம் வாடிப்போனது. "சார், நீங்கதானே எழுதியிருந்தீங்க? நான் உங்க மனுவ அப்படியே மேல அனுப்பினேன். மேல அந்த அடிமை விஷயத்த சென்சிட்டிவ்னு எடுத்துட்டாங்க. மிச்சம் இருந்தது இதுதான்" என்றார். இன்னொரு மனு கொடுங்கள், நான் பார்க்கிறேன் என்றும் சொன்னார். இன்னொரு மனுவும் கொடுத்தேன். குப்பத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. இன்றுவரை பரிசீலித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வேலி வந்தது. ஆள் உயரக் கம்பி, பச்சைப் பெயின்ட், பூட்டு. மண்டபத்தைத் தேய்த்துக் கழுவினார்கள், ராஜாவுக்கு மூக்குகூட வைத்துவிட்டார்கள். பூட்ஸில் இருந்த உப்பைச் சுரண்டி எடுத்தார்கள். ராத்திரி பகல் என்று பாராமல் ஒரு செக்யூரிட்டி நிற்கிறார். ஆளை விற்கச் சாசனம் கொடுத்தவனுக்குக் காவல், மீன் விற்கிறவளுக்கு ரோடு. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கீழ்ப் படிப் பெண்களில் ஒருத்தி திருவொற்றியூர்ப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டாள். இன்னொருத்தி கருவாட்டுக்கு மாறிவிட்டாள், கருவாட்டுக்கு வெயில் பாதகமில்லை. அக்கா எதிர்ப்பக்கம் சாக்கடை மூடி மேல் உட்கார்ந்தாள். அங்கே நிழலே கிடையாது. லாரி போகும் புழுதி எல்லாம் மீன் மேல். பதினோரு மணிக்கே ஐஸ் தண்ணீராகிவிடும், மீதி மீனை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். வீட்டில் உட்காருக்கா, நான்தான் இருக்கிறேனே என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "நீ வூட்ல குந்தவெச்சி சோறு போடுவ, நான் குந்திகினு துன்னணுமா? போடா" என்பாள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போனேன். கையில் ஒரு பெரிய குடை கொண்டுபோனேன். அதை அங்கே நட்டு வைக்க முடியாது, சிமென்ட் மூடி. அதனால் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டிருந்தேன். எதிரே வேலிக்குள் புதிதாகக் கறுப்புக் கல்லில் ஒரு பலகை வைத்திருந்தார்கள், தங்க எழுத்து.

"பெர்சா கல்லு வெச்சிகிறானுங்களே, இன்னா போட்டுகீது? போய் படிச்சிட்டு வா" என்றாள் அக்கா.

ரோட்டைத் தாண்டிப் போய்ப் படித்தேன். வணிகத்தின் தந்தை என்ற அதே இங்கிலீஷ் வரியைத் தமிழில் போட்டிருந்தார்கள். புனரமைக்கப்பட்டது என்று போட்டிருந்தார்கள். படிகளில் அமர்வதும் நீர் ஊற்றுவதும் தண்டனைக்குரியது என்று போட்டிருந்தார்கள். திரும்பி வந்து அப்படியே சொன்னேன்.

"ஆள் வித்தான்னு போடலியா?"

"போடலக்கா."

அவள் ஒரு மீனைத் திருப்பிப் போட்டாள். இன்னொன்றையும் திருப்பிப் போட்டாள்.

"அன்னிக்கி நோட்டீஸு படிச்சப்ப நீ காலி பண்ண சொல்றான், தண்ணியில கல்லு கெடுதாம்னு மட்டும் சொன்ன. அப்பால நான் கருவாட்டுக்காரி மொவள வுட்டு முச்சூடும் படிக்க சொல்லிக் கேட்டேன். 'ஒரு கை தண்ணி'ன்னு போட்டுந்திச்சாம். ஆபீஸ்காரன் எவன்டா கை அளவெல்லாம் எயுதுவான்? நீதான எயுதுவ."

இத்தனை மாதமும் தெரிந்துகொண்டேதான் எனக்குக் குழம்பு கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

"அவுங்கள ஏத்திகினு போனத எயுதினியா இல்லியா?"

"அதைத்தான்க்கா மொதல்ல எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க எழுதினேன்."

"அப்ப எங்கள பத்தி எயுதினத மட்டும் எடுத்துகினானுங்களா?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். குடை சாய்ந்துவிட்டது.

"கொடைய நேரா புடி" என்றாள் அக்கா. "மீனு மேல வெயில் அடிக்குது."